கடைசி இடம் யாருக்கு?

என்சிஏஏ முதல் டிவிஷன் ஆடவர் கூடைப்பந்துத் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கு,



ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் நீங்கள் கூடிப் பேசுகிறீர்கள். பல நாள் அலசி, பல சுற்று வாக்களித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 68 அணிகளின் பட்டியலை வெளியிடுகிறீர்கள். பட்டியலின் மேல்பாதியைப் பற்றி எவருக்கும் பெரிய மனத்தாங்கல் இல்லை. சண்டையெல்லாம் கடைசி நான்கைந்து இடங்களைப் பற்றித்தான். இந்த மடலும் அந்த இடங்களைப் பற்றியதுதான். அவற்றைப் பங்கிட உங்களிடம் நிலையான அளவுகோல் இல்லை. ஓர் ஆண்டு ஓர் அணியை வெளியே நிறுத்தச் சொன்ன காரணம், அடுத்த ஆண்டு இன்னோர் அணிக்குப் பொருந்தாமல் போகிறது. அளவுகோலை ஒன்றாக்குங்கள், அதைப் பருவம் தொடங்கும் முன்பே அறிவியுங்கள், முடிவுக்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள். என் கோரிக்கைகளின் சாரம் இதுதான்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் பல்கலைக்கழகங்களில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். படித்த கல்லூரியின் அணி மார்ச் மாதத்தில் ஆடுமா ஆடாதா என்று தவிக்கும் மனம் அவர்களுக்கும் உண்டு. பிள்ளைகள் வழியாக இந்த ஆட்டத்துக்கு வந்துசேர்ந்த பெற்றோரும் உண்டு. அவர்களும் படிக்க வேண்டும் என்பதால், நீங்கள் அறிந்த சிலவற்றையும் இங்கே விளக்கிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் டிவிஷனில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன. அவை கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் பருவத்தின் முடிவில் தனக்குள் ஒரு தொடர் நடத்துகிறது. அதில் வெல்லும் அணி நேரடியாக மார்ச் தொடருக்குள் வந்துவிடும். 2025-இல் இப்படி 31 அணிகள் வந்தன. மீதி 37 இடங்கள் அழைப்பு இடங்கள். அவற்றை நிரப்புவது உங்கள் வேலை. குழுவில் கல்லூரிகளின் விளையாட்டு இயக்குநர்களும் கான்ஃபரன்ஸ் தலைவர்களும் இருக்கிறீர்கள். தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. தோற்றால் வெளியேற்றம் என்ற முறையில் நடக்கும் இந்தத் தொடரைத்தான் நாடே மார்ச் மேட்னஸ் என்கிறது. அலுவலகத்துக்கு அலுவலகம், வீட்டுக்கு வீடு, யார் யாரை வெல்வார்கள் என்று தாளில் கட்டம் போட்டு நிரப்புகிறார்கள்.

இந்த அழைப்பு இடங்கள் எதற்காக வந்தன என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

1939-இல் தொடர் ஆரம்பித்தபோது எட்டே அணிகள். ஓரெகான் கோப்பையை வென்றது. பிறகு அணிகளின் எண்ணிக்கை கூடியது என்றாலும், ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணிதான் வர முடியும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அதன் கொடுமையை 1971-இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அனுபவித்தது. அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்றது இரண்டே ஆட்டங்கள். இரண்டும் ஜான் வுடன் பயிற்சியளித்த யுசிஎல்ஏ அணியிடம். யுசிஎல்ஏவும் அவர்களும் ஒரே கான்ஃபரன்ஸில் இருந்ததால், 24 வெற்றிகளோடு அவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

1974-இல் மேரிலாந்துக்கும் அதே கதி. ஏசிசி கான்ஃபரன்ஸின் இறுதியாட்டத்தில் வட கரோலினா ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் 103-100 என்று தோற்றார்கள். கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றின் தலைசிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று அதை இன்றும் பேசுகிறார்கள். வென்ற அணி அந்த ஆண்டு தேசிய சாம்பியனாகவே ஆனது. அவ்வளவு பெரிய அணியிடம் மூன்று புள்ளியில் தோற்ற மேரிலாந்துக்கோ மார்ச் தொடரில் இடமில்லை. மறுஆண்டே அணிகளின் எண்ணிக்கை 32 ஆனது, ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து இன்னோர் அணியையும் அழைக்கலாம் என்று விதி மாறியது. அந்த மாற்றத்துக்கு மேரிலாந்தின் தோல்வி ஒரு பெரிய தூண்டுதல்.

ஆக, அழைப்பு இடத்தின் பிறப்பிலேயே அதன் நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது. பருவம் முழுக்க வென்று, கடைசி நாளில் ஒரு நல்ல அணியிடம் தோற்றவனுக்கு அநீதி நேரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கதவு திறக்கப்பட்டது.

இப்போது 2024-க்கு வாருங்கள். இந்தியானா மாநிலத்தின் டெர் ஹோட் நகரில் இருக்கும் இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழகம். லாரி பேர்ட் படித்த இடம். 1979-இல் அவர் இந்த அணியைத் தோல்வியே இல்லாமல் தேசிய இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். அங்கே மேஜிக் ஜான்சனின் மிஷிகன் ஸ்டேட்டிடம் தோற்றார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் பிடித்த பார்வையாளர் விகிதத்தை இன்றுவரை வேறெந்தக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டமும் எட்டவில்லை. உங்கள் தொடர் இன்றிருக்கும் உயரத்துக்கு வந்ததில் அந்தச் சிறிய ஊர்க் கல்லூரிக்கும் பங்கு உண்டு.

அதே கல்லூரி 2023-24 பருவத்தில் ஜாஷ் ஷெர்ட்ஸ் என்ற பயிற்சியாளரின் கீழ், கண்ணாடி அணிந்து ஆடும் ராபி அவிலா என்ற சென்டரை நடுவில் வைத்து, பார்க்கப் பார்க்க அலுக்காத ஆட்டம் ஆடியது. மிசோரி வேலி கான்ஃபரன்ஸில் 17 வெற்றி, 3 தோல்வி. அலபாமாவின் அரங்குக்கும் மிஷிகன் ஸ்டேட்டின் அரங்குக்கும் தேடிப்போய் ஆடினார்கள், இரண்டிலும் தோற்றார்கள். கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றார்கள். மொத்தக் கணக்கு 28 வெற்றி, 6 தோல்வி. உங்கள் சொந்தத் தரவரிசையான நெட் பட்டியலில் முதல் 30-க்குள் இருந்தார்கள்.

அவர்களை நீங்கள் அழைக்கவில்லை. நெட் என்பது அணிகளை வகைபிரித்துப் பார்க்க ஒரு கருவி மட்டுமே, அதன் வரிசைப்படி அழைப்பதில்லை என்பது உங்கள் வழக்கமான பதில். ஒப்புக்கொள்கிறேன். அந்த அணிக்குப் பெரிய வெற்றிகள் குறைவு என்பதும் உண்மைதான். அந்த ஆண்டு எதிர்பாராத அணிகள் பல, தங்கள் கான்ஃபரன்ஸ் தொடரை வென்று நேரடியாக உள்ளே வந்துவிட்டதால் அழைப்பு இடங்கள் சுருங்கிப்போயின என்பதும் உண்மை. இந்த நியாயங்களை எல்லாம் அப்படியே வைத்துக்கொள்வோம். நல்ல தரவரிசை இருந்தாலும் பெரிய வெற்றிகள் இல்லாத அணிக்கு இடமில்லை. 2024-இன் தீர்ப்பாக எல்லோரும் புரிந்துகொண்டது இதைத்தான்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது?

நீங்கள் பயன்படுத்தும் அடுக்குமுறையைத் தமிழ் வாசகருக்காகச் சொல்கிறேன். ஓர் ஆட்டம் எவ்வளவு கடினமானது என்பதைப் பொறுத்து நான்கு அடுக்குகள் வைத்திருக்கிறீர்கள். சொந்த அரங்கில் முதல் 30 இடங்களில் உள்ள அணியோடு, பொது அரங்கில் முதல் 50-க்குள் உள்ள அணியோடு, எதிரணியின் அரங்கிலேயே என்றால் முதல் 75-க்குள் உள்ள அணியோடு ஆடினால் அது முதல் அடுக்கு ஆட்டம். வெளியூரில் வெல்வது கடினம் என்ற எளிய உண்மையை இந்த முறை மதிக்கிறது. நல்ல முறை.

2025-இல் வட கரோலினா பல்கலைக்கழகம் முதல் அடுக்கில் 13 ஆட்டங்கள் ஆடியது. வென்றது ஒன்று, தோற்றது 12. மொத்தக் கணக்கு 22 வெற்றி, 13 தோல்வி. நெட் பட்டியலில் அவர்களும் முதல் 40-க்குள் இருந்தார்கள். நல்ல தரவரிசை, பெரிய வெற்றி ஏறக்குறைய இல்லை. இந்தியானா ஸ்டேட்டின் கதையேதான், கூடுதலாக ஏழு தோல்விகள் வேறு. ஆனால் இம்முறை கதவு திறந்தது.

உள்ளே வந்த கடைசி அணிகளில் வட கரோலினாவும் ஒன்று. வெளியே நின்ற அணிகளில் மேற்கு வர்ஜீனியாவும் ஒன்று. அவர்களும் பெரிய கான்ஃபரன்ஸ்காரர்கள்தான். 19 வெற்றி, 13 தோல்வி. கொன்சாகாவையும் அரிசோனாவையும் பொது அரங்கில் வென்றவர்கள், கன்சாஸை அதன் அரங்கிலேயே வென்றவர்கள். பெரிய வெற்றிகள்தான் அளவுகோல் என்றால் அவர்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும். தரவரிசைதான் அளவுகோல் என்றால் முந்தைய ஆண்டு இந்தியானா ஸ்டேட் உள்ளே இருந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து விளக்கும் ஒரே அளவுகோல் எது? எனக்குத் தெரிந்தவரை எவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த ஆண்டு உங்கள் குழுவின் தலைவர் வட கரோலினாவின் விளையாட்டு இயக்குநர். விதிப்படி அவர் அறையைவிட்டு வெளியேறினார், அந்த முடிவைப் பற்றிப் பேசியதும் துணைத் தலைவர்தான். அவர் விதியை மீறினார் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. ஆனால் அறைக்குள் சொல்லப்பட்ட காரணம் வெளியே வராதபோது, சந்தேகம் தானே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநர் பேட்ரிக் மோரிசி செய்தியாளர்களைக் கூட்டி, விசாரணை வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போனது. ஒரு விளையாட்டுப் பட்டியல் அரசியல் மேடைக்குப் போனதற்கு ஆளுநரின் ஆர்வம் மட்டும் காரணமல்ல. உங்கள் மௌனமும் காரணம்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். டேட்டன் நகரில் நடந்த தொடக்கச் சுற்றில் வட கரோலினா, சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று நொறுக்கியதே, அவர்கள் தகுதியானவர்கள் என்று நிரூபிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. அழைப்புக்குப் பிறகு வந்த வெற்றி, அழைப்புக்கு முந்தைய தகுதியைக் காட்டாது. அப்படிக் காட்டும் என்றால், 2024-இல் நீங்கள் அழைத்த வர்ஜீனியா அதே டேட்டனில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று தோற்றது எதைக் காட்டுகிறது? நெட் பட்டியலில் இந்தியானா ஸ்டேட்டுக்கு நன்றாகவே கீழே இருந்த அணி வர்ஜீனியா. அந்த ஒரு தோல்வியை வைத்து உங்களைக் குற்றம்சாட்ட மாட்டேன். அதே நியாயப்படி, ஒரு வெற்றியை வைத்து நீங்களும் தப்பிக்கக் கூடாது. ஞாயிறு மாலைவரை நடந்தது என்னவோ அதை மட்டும் பாருங்கள் என்பதுதான் இருதரப்புக்கும் பொதுவான நியாயம்.

என் வருத்தத்தின் அடுத்த பகுதி எண்ணிக்கையைப் பற்றியது. 2025-இன் 37 அழைப்பு இடங்களில் 33, ஐந்தே கான்ஃபரன்ஸ்களுக்குப் போயின: எஸ்இசி, பிக் டென், பிக் 12, பிக் ஈஸ்ட், ஏசிசி. மற்ற 26 கான்ஃபரன்ஸ்களுக்கும் சேர்த்து மிஞ்சியது நான்கு. எஸ்இசி மட்டும் தன் 16 அணிகளில் 14-ஐ உள்ளே அனுப்பியது. அதற்கு முன் எந்தக் கான்ஃபரன்ஸும் அனுப்பியிராத எண்ணிக்கை அது.

எஸ்இசி அந்த ஆண்டு அசாதாரணமான வலிமையோடு இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதன் ஏழு அணிகள் கடைசிப் பதினாறுக்கு வந்தன, ஃப்ளோரிடா கோப்பையை வென்றது. வலுவான கான்ஃபரன்ஸ் அதிக இடங்களைப் பெறுவது நியாயமே. என் கேள்வி அதன் 14-ஆவது இடத்தைப் பற்றியது. டெக்ஸாஸ் தன் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் 6 வெற்றி, 12 தோல்வி கண்டது. வாரா வாரம் பெரிய அணிகளோடு மோதும் வாய்ப்பு கிடைத்தால், பத்தில் இரண்டு மூன்றை எப்படியும் வென்றுவிடலாம். அந்த வெற்றிகள் பட்டியலில் மின்னுகின்றன. தோல்விகளோ, நல்ல அணியிடம் தோற்றது என்று மன்னிக்கப்படுகின்றன. சின்ன கான்ஃபரன்ஸில் ஆடும் அணிக்கு ஜனவரி, பிப்ரவரி முழுக்க அப்படி ஒரு வாய்ப்பே வராது. அவர்கள் பதினேழு ஆட்டங்களை வென்றாலும் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூன்றில் தோற்றால் மூன்றும் கறை. வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் சாதனையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் உங்கள் முறையின் அடிப்படைக் கோளாறு.

அப்படியானால் அவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் பெரிய அணிகளோடு ஆடட்டுமே என்பீர்கள். ஆட விடுகிறார்களா? நடைமுறையை உங்களில் விளையாட்டு இயக்குநர்களாக இருப்பவர்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பெரிய கல்லூரி பணம் கொடுத்துச் சின்னக் கல்லூரியைத் தன் அரங்குக்கு அழைக்கும். பதிலுக்கு அவர்கள் ஊருக்கு வந்து ஆடாது. அதுவும், எளிதில் வெல்லக்கூடிய அணியைத்தான் அழைக்கும். ஆபத்தான சின்ன அணியோடு மோதினால், வென்றால் பெருமை குறைவு, தோற்றால் அவமானம் பெரிது. அதனால் நல்ல சின்ன அணிக்குத்தான் ஆட்டம் கிடைப்பது ஆகக் கடினம். 2017-இல் இல்லினாய்ஸ் ஸ்டேட் 27 வெற்றி, 6 தோல்வியோடு, தன் கான்ஃபரன்ஸில் விச்சிட்டா ஸ்டேட்டுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, உங்கள் அழைப்புக்குக் காத்திருந்தது. அதன் பயிற்சியாளர் டான் முல்லர் அந்த மார்ச்சில் ட்விட்டரிலேயே பெரிய அணிகளின் பயிற்சியாளர்களை எங்களோடு ஆட வாருங்கள் என்று பகிரங்கமாக அழைத்தார். அந்த ஞாயிறு அவர்களுக்குக் கைகூடவில்லை.

தேடிப்போய் வென்றவர்களுக்காவது நீதி கிடைத்ததா? 2016-இல் மான்மத் பல்கலைக்கழகம் யுசிஎல்ஏவை அதன் அரங்கிலும், ஜார்ஜ்டவுனை அதன் அரங்கிலும், நாட்ர டேமையும் தெற்குக் கலிஃபோர்னியாவையும் பொது அரங்கிலும் வென்றது. நாடு முழுக்கப் பயணம் செய்து, சொந்த ரசிகர்கள் இல்லாத இடங்களில் வாங்கிய வெற்றிகள் அவை. 27 வெற்றி, 7 தோல்வி. பலவீனமான சில அணிகளிடம் தோற்றதையும் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தை இழந்ததையும் காட்டி அவர்களை வெளியே விட்டீர்கள். பெரிய வெற்றி இல்லாத சின்ன அணிக்கு வெற்றி போதவில்லை. பெரிய வெற்றி உள்ள சின்ன அணிக்குத் தோல்வி உறுத்துகிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு சுவர் நிற்கிறது.

இந்தச் சுவரின் விலை ஒரு மாலைநேர ஏமாற்றத்தோடு முடிவதில்லை. மார்ச் தொடரில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அதன் கான்ஃபரன்ஸுக்குப் பங்கு பங்காகப் பணம் போகிறது. ஒரு பங்கு என்பது ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். பெரிய கான்ஃபரன்ஸுக்கு அது தொலைக்காட்சிப் பணத்தின் ஓரத்தில் ஒரு சிறு தொகை. மிசோரி வேலி போன்ற கான்ஃபரன்ஸுக்கோ அதன் எல்லாக் கல்லூரிகளின் வரவுசெலவிலும் தெரியக்கூடிய தொகை. ஓர் அழைப்பு மறுக்கப்பட்டால் ஒரு கான்ஃபரன்ஸ் முழுவதும் மெலிகிறது. மெலிந்தால் அடுத்த ஆண்டு தரவரிசை இறங்கும். இறங்கினால் அழைப்பு இன்னும் தூரமாகும்.

வீரர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தியானா ஸ்டேட் அந்த ஆண்டு என்ஐடி என்ற இரண்டாம் நிலைத் தொடருக்குப் போய், இறுதியாட்டத்தில் சீட்டன் ஹாலிடம் 79-77 என்று இரண்டு புள்ளியில் தோற்றது. சீட்டன் ஹாலும் நீங்கள் வெளியே விட்ட அணிதான். அதன் பிறகு பயிற்சியாளர் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸுக்குப் போனார், அவிலாவும் கூடவே போனார். ஜூலியன் லாரியும் ஜேசன் கென்ட்டும் டெக்ஸாஸுக்குப் போனார்கள். ரையன் கான்வெல் ஸேவியருக்குப் போனார். 2025 மார்ச்சில் டேட்டனில் நடந்த ஓர் ஆட்டம் எது தெரியுமா? டெக்ஸாஸ் எதிர் ஸேவியர். டெர் ஹோட்டில் ஒரே அணியாக 28 ஆட்டங்களை வென்றபோது கிடைக்காத இடம், பிரிந்துபோய் எதிரெதிர் சட்டைகள் போட்டுக்கொண்டபோது கிடைத்தது. ஒரு பையன் இதிலிருந்து என்ன பாடம் படிப்பான்? நல்ல அணியைக் கட்டாதே, பெரிய பெயரிடம் போய்ச் சேர் என்றுதானே. வீரர்கள் கல்லூரி மாறும் சந்தையும், கல்லூரிகள் வீரர்களோடு வருமானத்தைப் பகிரும் முறையும் ஏற்கெனவே சின்னக் கல்லூரிகளைக் காலிசெய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலைக்கு உங்கள் பட்டியலும் துணைபோக வேண்டாம்.

உங்களால் வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு உங்கள் வரலாறே சாட்சி. 2006-இல் ஜார்ஜ் மேசனை அழைத்தீர்கள். தொலைக்காட்சியில் பில்லி பேக்கர் போன்ற மூத்த விமர்சகர்கள் சின்ன அணிகளுக்கு இத்தனை இடமா என்று கேள்வி எழுப்பினார்கள். ஜிம் லரனாகாவின் அந்த அணி மிஷிகன் ஸ்டேட், வட கரோலினா, விச்சிட்டா ஸ்டேட் ஆகியவற்றைத் தாண்டி, கூடுதல் நேரத்தில் கனெக்டிகட்டை 86-84 என்று வென்று கடைசி நான்குக்கு வந்தது. 2011-இல் விசியுவை அழைத்தபோது அதைவிடக் கடுமையான கண்டனம். அவர்கள் ஐந்து ஆட்டங்களை வரிசையாக வென்று, கன்சாஸையும் வீட்டுக்கு அனுப்பி, கடைசி நான்கில் நின்றார்கள். இந்த வெற்றிகளும் அழைப்பின் நியாயத்தை நிரூபிப்பதில்லை, மேலே சொன்ன விதி இவற்றுக்கும் பொருந்தும். ஆனால் சின்ன அணிகள் இங்கே ஆடத் தகுதியற்றவை என்ற பொதுவான சந்தேகத்தை இவை அடியோடு பொய்யாக்குகின்றன.

2019-இல் நீங்கள் எடுத்த முடிவு இன்னும் அழகானது. ஒஹாயோ வேலி கான்ஃபரன்ஸின் இறுதியாட்டத்தில் ஜா மொரான்ட்டின் மர்ரே ஸ்டேட்டிடம் பெல்மான்ட் தோற்றது. அந்தக் கான்ஃபரன்ஸுக்கு அழைப்பு இடம் கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நீங்கள் பெல்மான்ட்டை அழைத்தீர்கள். அவர்கள் டேட்டனில் டெம்பிளை வென்றார்கள். நீண்டகாலப் பயிற்சியாளர் ரிக் பேர்டுக்கு மார்ச் தொடரில் அதுதான் முதல் வெற்றி. அந்தப் பருவத்தோடு அவர் ஓய்வுபெற்றார். சிறந்த அணியிடம் கடைசி நாளில் தோற்ற நல்ல அணிக்கு ஓர் இடம். 1974-இன் மேரிலாந்துக்காகத் திறந்த கதவு அன்று தன் வேலையைச் செய்தது.

விரிவாக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 68-ஐ 72 ஆக்கலாம், 76 ஆக்கலாம் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இடங்கள் கூடினால் சண்டை தீரும் என்று நினைப்பவர்கள், 2025-இல் 37-க்கு 33 என்று போன கணக்கைப் பார்க்கட்டும். அளவுகோல் மாறாமல் இடங்களை மட்டும் கூட்டினால், பெரிய கான்ஃபரன்ஸின் பதினைந்தாவது அணிக்கும் பதினாறாவது அணிக்கும்தான் இலை போடுவீர்கள். முதலில் அளவுகோல், பிறகு எண்ணிக்கை. இதோடு, சின்ன கான்ஃபரன்ஸ்களின் நேரடித் தகுதியில் எவரும் கைவைக்க விடாதீர்கள். 2018-இல் வர்ஜீனியாவை வென்ற யுஎம்பிசியும், 2022-இல் கடைசி எட்டுக்கு வந்த செயின்ட் பீட்டர்ஸும், 2023-இல் பர்டியூவை வென்ற ஃபேர்லி டிக்கின்சனும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். அவர்கள் இல்லாத மார்ச் மாதத்தை எந்த ரசிகனும் மார்ச் என்று சொல்ல மாட்டான்.

இனி என் கோரிக்கைகள். நான்கே நான்கு.

முதலாவது, கடைசி எட்டு அழைப்பு இடங்களுக்கு ஒரே முதன்மை அளவுகோலை வைத்து, அதை நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கும் முன் அறிவியுங்கள். அதற்கான கருவி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அணிகளை ஒப்பிட நீங்கள் பயன்படுத்தும் அணித்தாள்களில் 2024-25 முதல் ஓர் எண்ணைச் சேர்த்திருக்கிறீர்கள். ஓர் அணி ஆடிய அதே ஆட்டங்களை, விளிம்பில் நிற்கும் ஒரு சராசரி அணி ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும், இந்த அணி அதைவிட எத்தனை கூட வென்றது என்று சொல்லும் எண் அது. எளிய எதிராளிகளை வென்று ஏமாற்றவும் முடியாது, கடினமான எதிராளிகளிடம் தோற்றே பேர்வாங்கவும் முடியாது. கிடைத்த ஆட்டங்களில் என்ன செய்தாய் என்று மட்டும் அது கேட்கிறது. இந்த அளவுகோல் அன்று இருந்திருந்தால் இந்தியானா ஸ்டேட் உள்ளே வந்திருக்குமா என்பது என் வாதத்துக்கு அவசியமில்லை. வராமல் போயிருந்தாலும், ஏன் என்று அந்த வீரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, கான்ஃபரன்ஸில் பாதி ஆட்டங்களைக்கூட வெல்லாத அணி, அந்தக் கடைசி எட்டு இடங்களுக்குப் போட்டியிடக் கூடாது. பருவத்தில் அந்த அணிக்கு ஏராளமான வாய்ப்புகள் கிடைத்தன. இன்னும் ஒரு வாய்ப்பை, ஒன்றிரண்டு வாய்ப்புகளே கிடைத்தவனுக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, சின்னக் கல்லூரியின் அரங்குக்குப் போய் ஆடும் பெரிய கல்லூரிக்கு அணித்தாளில் வெளிப்படையான மதிப்பு கொடுங்கள். போகவே மறுப்பவர்களின் தாளில் அந்த மறுப்பும் தெரியட்டும். ஓர் இடத்தை இழக்கும் பயம் வந்தால், அடுத்த நவம்பரிலேயே பேருந்துகள் டெர் ஹோட்டுக்கும், டிரேக் இருக்கும் டெ மாயினுக்கும் கிளம்பும்.

நான்காவது, காரணத்தை எழுதிக் கொடுங்கள். உள்ளே வந்த கடைசி நான்கு, வெளியே நின்ற முதல் நான்கு, மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போதும். எத்தனை வாக்கு விழுந்தது, எது சாதகமாக இருந்தது, எது பாதகமாக இருந்தது. யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பெயர் வேண்டாம். தலைவர் தொலைக்காட்சியில் சில நிமிடங்கள் பதில் சொல்வதோடு இது தீராது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் ஆறு மாதம் உழைத்திருக்கிறார்கள். உங்கள் முடிவு அவர்களுக்கு எழுத்தில் வந்துசேர வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் எதுவும் ஆடவர் தொடரோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2022-இல் 68 அணிகளாக வளர்ந்த மகளிர் தொடருக்கும் இதே நியாயம் வேண்டும். அந்தக் குழுவின் தோழர்களுக்கும் இதைக் காட்டுங்கள்.

உங்கள் வேலை கடினமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த முறையை வைத்தாலும் ஓர் அணி கடைசியாக உள்ளே வரும், இன்னோர் அணி முதலில் வெளியே நிற்கும், யாரோ ஒருவர் அழுவார். அழுகையைத் தடுக்கச் சொல்லவில்லை. ஒரே விதிப்படி நடத்தப்பட்டோம் என்ற நம்பிக்கையோடு அவர்கள் வீடு திரும்பட்டும் என்கிறேன். அடுத்த முறை கூடும்போது, முதல் வாக்குச் சீட்டை நிரப்புவதற்கு முன், கடைசி எட்டு இடங்களை எந்த அளவுகோலில் அளக்கப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அதை எங்களுக்கும் காட்டுங்கள். அதன்படி நீங்கள் யாரை வெளியே நிறுத்தினாலும் ஏற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
கல்லூரிக் கூடைப்பந்தை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகன்